மட்டாஞ்சேரிக்குச் சாவு சொல்லப் போனது

சாவு சொல்லப் போகிறவர் வாசலைத் தாண்டக் கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். நான் வாசலைத் தாண்டினேன். உள்ளே உட்கார்ந்து புட்டும் கடலையும் சாப்பிட்டேன். கடலைக் கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். இதில் எதுவும் என் திட்டத்தில் இல்லை. நான் எங்கே போனாலும் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு போகிற ஆள்.

இறந்தவர் கனகம் அத்தை, என் அப்பாவின் அக்கா. கோவையில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். இளம் வயதில் கொச்சியில் கணவர் சிவராமனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, தாயில்லாத மூன்று தம்பிகளை ஆளாக்கியவர். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். அறுபது வயதான அப்பா இன்றும் சட்டைத் துணி எடுத்தால் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் தைக்கக் கொடுப்பார். நான் பொறியியல் படித்ததும், படித்த பிறகு கிரேன் மேல் ஏறுகிற வேலைக்குப் போனதும் அத்தையின் ஒரு வார்த்தையில் முடிவானவை. "ஏறட்டும். உழுந்தாப் பாத்துக்கலாம்" என்றார்.

அத்தை தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் எழும்போது எழுந்து குளித்திருப்பார். நான் படுக்கப் போகும்போது அடுப்படியில் எதையாவது மூடி வைத்துக்கொண்டிருப்பார். சிறு வயதில், சிலருக்குத் தூக்கம் வராது, அத்தை அந்த வகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீடுகளில் மட்டும் அவர் பின்னால் போய்விடுவார். பெண் பார்ப்பது முதல் பந்தி வரை எல்லாம் அவர் சொல்படி நடக்கும். தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டின் வாசலில் நிற்பார். யாரும் போகச் சொன்னதில்லை. அவரே போய்விடுவார்.

வருடத்துக்கு ஒருமுறை, ஆவணியில், கணவருக்குத் திதி கொடுக்க மட்டாஞ்சேரிக்குத் தனியாகப் போய்ப் பத்து நாள் இருந்து வருவார். தங்குவது லீலா என்கிற தமிழம்மா வீட்டில். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லீலாவின் போன் எண் யாரிடமும் இல்லை; அத்தை எண்களை மனதில்தான் வைத்திருந்தார், அவருடைய பழைய போனும் அவர் போவதற்கு முன்பே பழுதாகிக் கிடந்தது. இரண்டு மாதம் முன்பு அவர் இறந்தபோது அவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. ஆவணி வந்தது. எனக்கும் கொச்சியில், வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை வந்தது.

"கண்ணு, எத்தனை நாள் ஆனாலும் மொதத் தடவ சொல்றப்ப அது சாவு சொல்றதுதான். வாசல்லயே நின்னு சொல்லிப்போட்டு, மாமா திதிக்கு ஆரைப் பாக்கோணும்னு கேட்டுட்டு வந்துரு" என்றார் அப்பா.

முதல் நாள் முழுவதும் வல்லார்பாடத்தில் கழிந்தது. கன்டெய்னர் தூக்கும் கிரேன்களின் கம்பி வடங்களைச் சோதிப்பது என் வேலை. வெளியே எண்ணெய் பூசி மினுமினுக்கும் வடத்தின் உள்ளே எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை வந்து நின்று வந்து நின்று, மதியம் வரை ஒரு வடம்தான் முடிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் சிவப்பு மட்டை அரிசிச் சோறு. ஒவ்வொரு அரிசியும் எங்கள் ஊர் அரிசியைப் போல இரண்டு மடங்கு. நான் சைவம் என்றதும் பரிமாறுகிறவர் கவலைப்பட்டார். மீன் குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டே, "கஷணம் வேண்டா. சாறு மாத்ரம் ஒழிக்கட்டே?" என்றார். துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் ஊற்றட்டுமா என்று கேட்கிறார். சைவத்துக்கு இப்படி ஒரு சலுகை உண்டு என்று எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டு மோர் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கைக்கூட அத்தை வாசலோடு திருப்பி அனுப்புவார்.

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு ஓய்வு கிடைத்தது. எர்ணாகுளம் படகுத்துறையில் அவசரமாக ஏறினேன். எதிரில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "மருமகள் போனில் பேசினால் சிரிக்கிறாள், என்னைப் பார்த்தால் தலைவலி என்கிறாள்" என்றாள் ஒருத்தி. "உன்னைப் பார்த்தால் எனக்கே வலிக்கிறது, அவளுக்கு வலிக்காதா" என்றாள் மற்றவள். அதைக் கேட்டுக்கொண்டே வந்த நான், இறங்கிய பிறகுதான் அது ஃபோர்ட் கொச்சித் துறை என்று தெரிந்துகொண்டேன். மட்டாஞ்சேரிப் படகு பக்கத்தில் நின்ற இன்னொன்றாம்.

ஆட்டோக்காரர் நல்ல தமிழில், "எல்லாரும் இப்படித்தான் ஏறுவாங்க, சேச்சி. அதனாலதான் எங்களுக்குப் பொழப்பு ஓடுது" என்றார். தேனிப் பக்கத்து ஆள். பஜார் ரோட்டில் லாரி ஒன்று மாட்டிக்கொண்டிருந்ததால் பாதியில் இறங்கி நடந்தேன். பழைய கிடங்குகளில் பாதி இப்போது காபிக் கடையாகவும் படக் கண்காட்சியாகவும் மாறியிருக்கின்றன. மீதியிலிருந்து சுக்கும் மிளகும் மூக்கைத் தாக்குகின்றன. ஆடுகள் யாருக்கும் வழிவிடுவதில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்: நான் கனகம் அத்தையின் தம்பி மகள், அத்தை தவறிவிட்டார், உட்காரவில்லை, மன்னிக்க வேண்டும்.

தமிழம்மா லீலா வீடு என்று இரண்டு கடைகளில் விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு கிழவர். ஒல்லி. காதில் இயந்திரம். நான் "கனகம் அத்தையோட தம்பி பொண்ணுங்க" என்றதுமே உள்ளே திரும்பிக் கத்தினார்: "லீலா! கனகத்தோட ஆளு!"

சரியாக அப்போது மழை கொட்டியது. உள்ளேயிருந்து எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "எந்தா மோளே நனைஞ்சு நிக்கறே, கேறி வா! கனகம் எங்கே? வண்டியில இருக்கா? போனும் எடுக்க மாட்டேங்கறா, பிடிவாதக்காரி. அந்தப் பொத்தான் போனைத் தூர எறின்னு எத்தனை தடவ பறஞ்சேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் தலையில் துண்டு விழுந்தது, கையில் சாயா வந்தது. குளிருக்குச் சாயாவைக் குடித்துவிட்டேன். அது தொண்டையில் இறங்கும்போதுதான் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. இனி எப்படிச் சொல்வது? சாயா குடித்தவள் நல்ல செய்தியோடு வந்தவள் என்றுதான் அந்த இரண்டு முகங்களும் நம்பிக்கொண்டிருந்தன. புட்டு வந்தது. புட்டு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"எந்தத் தம்பி பொண்ணு? ராசு பொண்ணா?" என்று கிழவர் கேட்டார். "டவுசரைக் கையில புடிச்சிக்கிட்டே ஓடுவானே, அவனா?"

ராசு என்பது அப்பாவின் வீட்டுப் பெயர். அத்தை தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஐயாவுக்கு எங்க அப்பாவைத் தெரியுங்களா?" என்றேன்.

லீலாம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அது கொள்ளாம்! பொண்ணு கட்டின வீட்டுச் சின்ன மச்சானைத் தெரியாதா? ஐயாவாம், ஐயா! ஒங்க சிவராமன் மாமா, மோளே. கனகம் சொல்லித்தானே அனுப்பிச்சிருக்கா?"

தூக்கிய பளு நழுவினால் முதலில் கையை எடு, பிறகு பின்னால் போ, எதையும் பிடிக்கப் பார்க்காதே என்று எங்கள் வேலையில் சொல்லித் தருவார்கள். நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

சிவராமன் மாமா இறந்துவிட்டார். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே. ஆவணியில் அத்தை மட்டாஞ்சேரிக்குப் போகும் அதே நாட்களில் கோவையில் நாங்கள் அவர் பெயரைச் சொல்லிக் காக்கைக்குச் சோறு வைப்போம். பள்ளிக்கூடம் போகும் முன் மொட்டை மாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டது நான். வீட்டில் அவர் படம் கிடையாது; பார்த்தால் அழுகை வரும் என்று அத்தை சொல்லியிருந்தார். இப்போது அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து பழத்தைப் புட்டோடு பிசைந்துகொண்டிருந்தார். விரல்கள் நீளமாக இருந்தன. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். பார்ப்பதற்கு அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எப்படியோ என் வாய், பதறாமல், கேள்வி கேட்டது. வேலையிடத்தில் விபத்து நடந்தாலும் அப்படித்தான் கேட்பேன். அத்தை எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று நம்பியதால் லீலாம்மா மறைக்கவில்லை. கல்யாணமாகி அத்தை இங்கே வந்தபோது மாமா மிளகுக் கிடங்கில் கணக்குப் பார்த்தார். அதே கிடங்கின் முற்றத்தில் லீலாம்மா இஞ்சி காயப்போட்டுப் பொறுக்கினார். இரண்டே வருடம். லீலாம்மாவின் வயிற்றில் பிள்ளை இருப்பது அத்தைக்குத் தெரிந்தது. சண்டை போடாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பிள்ளை இப்போது ஷார்ஜாவில்.

"அடுத்த வருஷம் ஆவணியில வந்து நின்னா பாரு" என்றார் லீலாம்மா. "கோயமுத்தூர் பக்கம் தலை காட்டக் கூடாது, நான் ஒன்னக் கொன்னாச்சுன்னு இவரை மெரட்ட வந்தா. நான் பேடிச்சு ஒரு சாயா போட்டுக் குடுத்தேன். குடிச்சா. அப்புறம் அதுவே பழக்கமாச்சு."

"வருஷா வருஷம் செத்தேனா இல்லையான்னு பாத்துட்டுப் போவா" என்றார் மாமா. "எனக்கு எள்ளுத் தண்ணி எறைக்கறீங்களாமே. அதுலதான் ஆயுசு நீண்டுபோச்சு."

"ரொம்ப அதட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"இங்கயா? இங்க நான் சொல்றதுதான் சட்டம்" என்றார் லீலாம்மா. "குளின்னா குளிப்பா. தின்னுன்னா தின்பா. கப்பக்கிழங்கும் மீன் கறியும் வைப்பேன். கஷணம் வேண்டாம், சாறு மாத்ரம் மதின்னு சிணுங்குவா, சின்னக் குட்டி மாதிரி. காலையில எட்டு மணி வரைக்கும் போத்திக்கிட்டு ஒறங்குவா. எழுப்பினா கடிக்க வருவா!"

அன்று கேட்ட எல்லாவற்றிலும் நான் நம்ப மறுத்தது அந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

கிளம்பும்போது லீலாம்மா கேட்டார்: "கனகம் எப்போ வருவா?" நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினேன். ஜெட்டிக்கு வழி கேட்காமலே நடந்து, எங்கோ சுற்றி, சுக்குக் கிடங்கின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கே போக வேண்டும் என்று ஒரு காவலாளி கேட்டார். கேட்டுவிட்டு அவரே ஜெட்டிப் பக்கம் கை காட்டினார்.

அறைக்கு வந்து இரண்டு விஷயங்களை யோசித்தேன். மறுநாள் அங்கே என்ன சொல்வது என்பது ஒன்று. ஊரில் என்ன சொல்வது என்பது அதைவிடப் பெரியது.

சித்தப்பா மகள் வசந்தி புருஷனோடு இருக்க முடியாமல் வீட்டுக்கு வந்தபோது நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. துக்கம் விசாரிப்பதைப் போல வந்த உறவுக்காரி ஒருத்தி, அடுப்படியில் நின்று, "இந்த வயசுல வாழாவெட்டியா வந்துட்டாளே" என்றாள். அத்தை அவள் கையில் பாதி குடித்திருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து சாமான் அறைச் சாவியைக் கழற்றி வசந்தியிடம் கொடுத்தார். அத்தைக்கு அந்தச் சொல் மேல் ஏன் அத்தனை கோபம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அதே சொல்லை இப்போது அத்தை மேலேயே வைப்பார்கள். அவர் வந்து டம்ளரைப் பிடுங்க முடியாது.

மூன்றாம் நாள் காலையில் எதுவும் சாப்பிடாமல், சரியான படகைக் கேட்டு ஏறி, போனேன். மழை இல்லை. கதவு திறந்தே இருந்தது. நான் படிக்குக் கீழே, தெருவில், செருப்போடு நின்றேன்.

"வந்தாச்சா! கேறி வா மோளே, அப்பம் சூடா இருக்கு" என்றார் லீலாம்மா உள்ளேயிருந்து.

நான் நகரவில்லை. "கால்ல சேறா? சாரமில்லை, வா" என்று சொல்லிக்கொண்டே அவர் வாசலுக்கு வந்தார். என் காலைப் பார்த்தார். சேறு இல்லை. முகத்தைப் பார்த்தார். நேற்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் இன்று வாசலில் நிற்கிறாள். மனப்பாடம் செய்த வாக்கியத்தை நான் ஆரம்பிக்கவே இல்லை. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"எப்போ?" என்றார்.

"ரெண்டு மாசம் ஆச்சுங்க. தூக்கத்துல."

அழவில்லை. கோபம்தான் வந்தது. "நேத்து சொல்லியிருக்கலாம்லியா? நேத்து நீ போனதும் அவளுக்குன்னு அரிசி ஊறப் போட்டேனே! அவ எறங்கினதும் அப்பம் கேப்பாளேன்னு..." தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய், மாமாவின் காதருகே குனிந்து சொன்னார். அவர் காதிலிருந்த இயந்திரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முற்றத்துக் குழாயடியில் லீலாம்மாதான் அவரை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். "நீங்கதான் முதல்ல குளிக்கணும்" என்றார். கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கிய அந்த மனிதருக்கு நான் எத்தனை வருடம் சோற்றுருண்டை வைத்திருக்கிறேன்! தெருவிலேயே நின்றேன்.

துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த மாமா, நான் நின்ற இடத்தைக் காட்டினார். "ஒங்க தாத்தா இங்கதான் நின்னார். அவ போய் ஒரு மாசம் இருக்கும். உள்ள வரலை. தண்ணி குடுத்தேன், வாங்கலை. என்னையே பாத்துக்கிட்டு நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டார். ஏன் தண்ணி வாங்கலைன்னு எனக்கு அப்பப் புரியலை."

தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. மருமகன் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய், மகள் சொன்ன சாவைக் கடைசி வரை காப்பாற்றியிருக்கிறார்.

"என்ன கலர்ல கோடி போட்டீங்க?" என்று லீலாம்மா கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடியாக அப்பா எடுத்தது வெள்ளைச் சேலை. கணவர் உயிரோடு இருக்க, பூ இல்லாமல், பொட்டு இல்லாமல் அத்தையை அனுப்பி வைத்திருக்கிறோம். "வெள்ளைங்க. எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அத்தை தங்கிய வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் போட்ட படம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வெறும் நெற்றியோடு அத்தை. லீலாம்மா அதை மடியில் வைத்துக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, விரலில் தொட்டு, படத்தின் நெற்றிக்கு நேரே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

"வேண்டாம்" என்றார். "பாலக்காட்டுல வண்டி நின்னப்ப குழாய்த் தண்ணியில அவளே தொடைச்சது. பறஞ்சிருக்கா. வாழாவெட்டின்னு வந்து எறங்கியிருந்தா ஒங்க வீட்ல சாவி குடுத்திருப்பாங்களா, மோளே? ஒரு மூலையைக் குடுத்திருப்பாங்க. பொட்டைக் குடுத்துட்டுச் சாவியை வாங்கினா. நான் ஆரு அதைத் திருப்பி வைக்க?"

விரலில் இருந்த குங்குமத்தைச் சிமிழிலேயே வழித்துப் போட்டுவிட்டு, சந்தனம் குழைத்து வைத்தார். சந்தனம் காயும் வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை கல்யாணங்களில் அந்தச் சமையல்கட்டு வாசல்! கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

நான் படிக்கு வெளியே நின்றே விடைபெற்றேன். சாவு சொன்ன வாசலில் போய்வருகிறேன் என்றும் சொல்லக் கூடாதாம். பாதித் தெருவில் அப்பா போனில் கூப்பிட்டார். "சொல்லிட்டயா கண்ணு? மாமா திதிக்கு ஏற்பாடு பண்ணியாச்சா?" நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மட்டும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், வரிசை மாறாமல், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மாமா உயிரோடு இருப்பதைக் கேட்டு அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தாத்தா வந்து நின்றதைக் கேட்டுத் தலையாட்டினார். பாலக்காட்டுக் குழாயையும் வாழாவெட்டி என்ற சொல்லையும் கேட்டபோது, "அந்த வார்த்தைய இந்த வீட்ல ஆரும் சொல்லப்படாது" என்றார். மற்றவர்களுக்கு அவரே சொல்வதாகவும் சொன்னார்; பிறகு சொல்லவும் செய்தார். அப்புறம்தான் இதை எழுதுகிறேன். அன்று மாடியில் மீன் சாறைப் பற்றிக் கேட்டு, "அக்காளா?" என்று வாயைப் பிளந்தார், கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

"அங்க எட்டு மணி வரைக்கும் போத்திக்கிட்டுத் தூங்குவாங்களாம் அப்பா" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தையின் காரியம் முடிகிற வரை அழாத மனிதர், அங்கே நின்று சத்தம் போட்டு அழுதார்.